எமன் வாயில் நுழையாத பெயர்

மதுரையிலிருந்து வந்த பேருந்து என்னை ராஜபாளையத்தில் இறக்கிவிட்டபோது காலை எட்டு மணி. கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து கிளம்பி ஐந்து நாள் ஆகியும் என் உடம்பு இன்னும் வந்து சேரவில்லை. பெட்டியும் நானும் மட்டும்தான் வந்திருந்தோம். மூன்று வார விடுப்பில் வந்தவள் வீட்டில் கிடக்காமல் ஊர் சுற்றக் கிளம்புகிறாளே என்று கும்பகோணத்தில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் நியாயம்தான். எனக்கே என் மேல் எரிச்சலாக இருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி.

நான் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, சொன்ன கதையையே மறுபடி கேட்பது. என் பொறுப்பில் இருப்பவர்களில் ஒருவர் பெயர் கெர்லிண்டே. வயது எண்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். இருபத்து நாலு வயதில் நர்ஸாக ராஜபாளையத்துக்கு வந்து, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இந்தக் கட்டுரையில் இதே பெயரில் இன்னும் இரண்டு பேர் வரப்போகிறார்கள். குழப்பம் வேண்டாம் என்று இவரை மட்டும் சிஸ்டர் என்று சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்களும் அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு மத்தியானம் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் தானாகவே சொல்லத் தொடங்கினார். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண். அதற்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாகப் பெண் குழந்தை, நோஞ்சான். மூன்றாம் நாள் அந்தத் தாய் குழந்தையைச் சிஸ்டரின் கையில் வைத்துவிட்டு ஒரு படி தவிடு கேட்டாள். ஆஸ்பத்திரி ஆயா மாட்டுக் கொட்டிலிலிருந்து தவிட்டை அள்ளி வந்து கொடுத்தாள். "இனி இது உங்க புள்ள, பேரு வையுங்க" என்றார்கள். சிஸ்டருக்கு வேறெந்தப் பெயரும் தோன்றவில்லை. தன் பெயரையே வைத்துவிட்டார்.

தவிட்டுக்குப் பிள்ளை வாங்குவது எனக்குப் புதிதல்ல. எங்கள் தெருவிலேயே ஒரு தவிட்டம்மாள் இருந்தார். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்தால், அடுத்த பிள்ளையை யாருக்காவது தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை விலை போய்விட்டது, அதுவும் தவிட்டு விலைக்கு, இந்த வீட்டில் எடுத்துப்போக ஒன்றுமில்லை என்று எமன் போய்விடுவானாம். அப்புறம் வாங்கியவரிடம் போய், உங்கள் பிள்ளையை நான் வளர்த்துத் தருகிறேன் என்று பெற்றவளே தூக்கி வந்துவிடுவாள்.

இதெல்லாம் சிஸ்டருக்கு யாரும் சொல்லவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத ஒருத்தி தன் பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டதாகவே அவர் நினைத்தார். மறுநாள் அவள் வந்து கை நீட்டியதும், மனசு மாறிவிட்டாள் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தார். "அந்த எடையில் குழந்தையை வெளியே அனுப்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கை லேசானதும் எனக்கு நிம்மதியாக இருந்தது" என்றார். ஆறு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பும் முன் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாட்டு வண்டியில் போயிருக்கிறார். வாசலில் நின்ற தாய், பிள்ளை போய்விட்டது என்று சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

அது ஒரு சடங்குதான், அந்தப் பெண் உங்களை நம்பிப் பிள்ளையைக் கைவிடவில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். "சடங்கு சரி. பிள்ளை செத்தது சடங்கில்லையே" என்றார் சிஸ்டர். நானே வைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று அறுபத்து நாலு வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவரிடம் என்ன பேச? விடுப்பில் போகும்போது அந்தப் பக்கம் போய்ப் பார்க்கிறேன் என்று ஆறுதலுக்குச் சொல்லி வைத்தேன். அவர் பிடித்துக்கொண்டார். அவளைப் புதைத்த இடத்தில் என் பேரில் ஒரு பூ வை என்றார். எங்கள் ஊர்களில் பச்சைப்பிள்ளையைப் புதைத்த இடத்துக்கு யாரும் அடையாளம் வைப்பதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆக, இல்லாத ஒரு குழியைத் தேடி ராஜபாளையத்தில் வந்து இறங்கியிருந்தேன்.

லாட்ஜில் குளித்துவிட்டுக் கீழே இருந்த கடையில் நாலு இட்லி சாப்பிட்டேன். மூன்று சட்னி, கேட்காமலே மறுபடி மறுபடி சாம்பார். எங்கள் இல்லத்தில் காலை உணவு என்றால் இரண்டு துண்டு கறுப்பு ரொட்டி, விரல்நகம் அளவுக்கு ஜாம். இங்கே ஊற்றிய சாம்பாரில் அங்கே ஒரு மாடி முழுவதற்கும் காலை உணவு முடிந்துவிடும். சாப்பிட்டதும் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. பேர்போன நாயையாவது பார்க்கலாம் என்று தெருவில் பார்த்துக்கொண்டே நடந்தேன். ராஜபாளையத்தில் ராஜபாளையம் நாயைத் தவிர மற்ற எல்லா நாயும் படுத்திருந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று ஆட்டோ மாற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியை எப்போதோ மூடிவிட்டார்கள். கட்டடத்தில் பேண்டேஜ் துணியை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் கடல் தாண்டிப் போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் தினமும் பெரியவர்களுக்குச் சுற்றுகிற துணி இங்கிருந்துதான் வந்ததோ என்னவோ.

வாசலில் காவலுக்கு இருந்தவர் போனில் யாருடனோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, என்ன வேணும் என்று தமிழில் கேட்டார். பழைய ரிஜிஸ்டர் ஏதாவது இருக்குமா என்றேன். பழைய எலி வேண்டுமானால் இருக்கும் என்றார். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று அந்தக் காலத்தில் கெர்லிண்டே என்று பெயர் வைத்த ஒரு குழந்தையைப் பற்றித் தெரியுமா என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"கெர்லிண்டாவா? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசல்ல செராக்ஸ் கடையில இருக்கே, அந்தப் புள்ளயவா கேக்கீக?" என்றார்.

நான் தேடுவது பிறந்த ஆறு மாதத்தில் செத்துப்போன குழந்தை என்றேன். அது தனக்குத் தெரியாது, ஆனால் வன்னியம்பட்டி விலக்கிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் அந்தப் பெயரைச் சர்வ சாதாரணமாக வைக்கிறார்கள் என்றார். அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏற நேரம் பிடித்தது.

ஏனென்றால் அந்தப் பெயரைப் பற்றி நான் கொஞ்சம் படித்திருந்தேன். பழைய ஜெர்மன் மொழியில் கெர் என்றால் ஈட்டி. லிண்ட் என்றால் மென்மை. லிண்டே என்று ஒரு மரம் இருக்கிறது, அதில் கேடயம் செய்வார்கள், ஆகவே ஈட்டியும் கேடயமும் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. சிஸ்டர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவர் வகுப்பிலேயே இன்னொரு கெர்லிண்டே இருந்தாளாம். இப்போது அந்தப் பெயரை எங்கள் இல்லத்தின் அறைக் கதவுகளில்தான் பார்க்க முடியும். நான் அங்கே இருக்கும் பத்து வருடத்தில், தள்ளுவண்டியில் போகும் ஒரு குழந்தையை யாரும் கெர்லிண்டே என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. பிறந்த ஊரிலேயே வழக்கொழிந்த பெயர் வன்னியம்பட்டிப் பக்கத்தில் எப்படிப் பிழைத்திருக்கும்?

அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்க வேண்டும். போகவில்லை. செருப்பு மாற்ற லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது கோர்ட்டு முடிகிற நேரம் தாண்டியிருந்தது. போனில் என்னோடு வேலை பார்க்கும் போலந்துக்காரப் பெண்ணின் செய்தி வந்திருந்தது. சிஸ்டருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார், உன்னைக் கேட்கிறார் என்று. இந்த வேலையில் பத்து வருடம் இருப்பவளுக்கு அதன் பொருள் தெரியும். தூங்கியதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் சண்டை போல ஏதோ பேசினார்கள். பக்கத்தில் நின்றவர் கேட்காமலே எனக்குத் தமிழில் சொன்னார்: மருமகள் வாங்கிய கத்தரிக்காயில் பாதி சொத்தையாம். ஜெர்மனியில் பேருந்தில் பக்கத்து ஆள் மயங்கி விழுந்தால்தான் பேசுவார்கள். இங்கே கத்தரிக்காய்க்கே மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறார்.

கோர்ட்டு வாசலில் வரிசையாகச் செராக்ஸ் கடைகள். மூன்றாவது கடையில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் மெஷினைத் திறந்து போட்டு உள்ளே கையை விட்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. அவள்தான் கெர்லிண்டா. எதிரே வக்கீல் குமாஸ்தாக்கள் காகிதத்தை நீட்டியபடி கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சிக்கிய தாளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அக்கா, செத்த நேரம் உக்காருங்க" என்று எனக்கு மட்டும் ஒரு ஸ்டூலைக் காட்டினாள்.

செத்த நேரம் என்பது ஒன்றரை மணி நேரம். கூட்டம் வடிந்ததும் டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு, என்னவென்று கேட்டாள். நான் முழுக் கதையும் சொல்லாமல் இந்தப் பெயர் அவளுக்கு எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து பதில் சொல்லி அலுத்துப்போனவள் என்பது முகத்தில் தெரிந்தது. எல்லோரும் அவளை வேதக்காரி என்று நினைத்துக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறார்களாம். அவர்கள் வீட்டில் மார்கழி முழுக்க ஆண்டாள் கோயில்தான்.

"எங்க ஊர்ல நாலு பேரு இருக்கோம்க்கா, இதே பேர்ல. ஒரு வீட்ல புள்ள தங்கலேன்னா அடுத்த பொம்பளப் புள்ளைக்கு இதத்தான் வைப்பாக. எமன் பேரு சொல்லிக் கூப்பிட்டுத்தான உசிரக் கொண்டு போகணும்? இது அவன் வாயில நொழையாதாம். சொல்லிப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவானாம்" என்றாள்.

முதன்முதலில் இந்தப் பெயர் யாருக்கு வைத்தார்கள் என்று கேட்டேன். மூத்த கெர்லிண்டாவுக்கு என்றாள். ஒரு வெள்ளைக்கார நர்ஸம்மா அவரைத் தவிட்டுக்கு வாங்கியதாம். அவர் பிழைத்துக்கொண்டதால்தான் மற்றவர்களும் வைத்தார்களாம். அவருக்கு இப்போது என்ன வயது என்று கேட்டேன். "அறுவத்து நாலு இருக்கும். சுகர் இருக்கு, சொன்ன பேச்சு கேக்காது. மத்தபடி கல்லு மாதிரி இருக்காக" என்றாள்.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். எனக்கு யாரும் இல்லாத ஊரில், செராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, குமாஸ்தாக்கள் பார்க்க அழுதேன். அலுப்பு பாதி, சந்தோஷம் பாதி. அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளை உருவி முகம் துடைக்கக் கொடுத்தாள். அப்புறம்தான் முழுக் கதையும் சொன்னேன்.

அவள் உடனே போன் போட்டாள். மூத்தவர் சிவகாசியில் ஒரு விசேஷ வீட்டில் இருந்தார், மறுநாள் காலைதான் வருவார். போனில் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். சிஸ்டருக்கும் சொல்லவில்லை. கண்ணால் பார்க்காமல், ஊரார் சொல்லை நம்பி, சாகக் கிடக்கிறவரிடம் எதையும் சொல்லக் கூடாது. நாளைக்குக் கோர்ட்டு லீவு, நானே கூட்டிப் போகிறேன் என்றாள் இளைய கெர்லிண்டா. கிளம்பும்போது அவள் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டாள். ஈட்டி, மென்மை, கேடயம் எல்லாம் சொன்னேன். மென்மையை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

சாயங்காலம் போக இடமில்லாமல் ஆண்டாள் கோயிலுக்குப் போனேன். கூட்டமில்லை. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்துப் பெயர் வைத்து வளர்த்த பிள்ளையை ஊரே இன்றுவரை கும்பிடுகிறது. பெறாத பிள்ளைக்குப் பெயர் வைப்பது இந்த மண்ணில் பெரிய விஷயம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தேன். அங்கேயும் தூங்கியிருப்பேன், பூக்கட்டும் அம்மாள் எழுப்பிவிட்டார். வெளியே வந்து கால் கிலோ பால்கோவா வாங்கி, சுடச்சுட இருந்ததை இலையோடு பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தேன். அம்மாவுக்கு என்று வாங்கியது அது.

மூன்றாம் நாள் காலை இளைய கெர்லிண்டாவின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டி உள்ளே திரும்பியதுமே பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. வெயிலில் தள்ளிக்கொண்டு நடந்தோம். இரண்டு பக்கமும் பருத்தி. அவள் வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் பஞ்சர் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் போன் அடித்தது. சிஸ்டர் நேற்றிலிருந்து யாரோடும் பேசவில்லை, டாக்டர் வந்து பார்த்தார், நீ பேச நினைத்தால் இன்று பேசிவிடு என்று போலந்துக்காரப் பெண் எழுதியிருந்தாள். நான் ஸ்கூட்டரை அப்படியே விட்டுவிட்டு வேகமாக நடக்கத் தொடங்கினேன். "ஏக்கா, வீடு அந்தப் பக்கம்" என்று பின்னாலிருந்து கத்தினாள்.

வீட்டு வாசலில் மூத்த கெர்லிண்டாவின் கணவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சட்டையைத் தேய்த்துத்தான் போடுவார் போலிருக்கிறது. நாங்கள் உட்காரும் முன் குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லி ஆளனுப்பினார். மூத்த கெர்லிண்டா உள்ளேயிருந்து ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். உயரம், கனத்த உடம்பு, ஒரு பல் இல்லை. இளையவளிடம், "ஏட்டி, போனப் போட்டுட்டு ஒண்ணும் சொல்லாம வச்சிட்டியே, ராத்திரியெல்லாம் எனக்கு ஒரே யோசன" என்றார்.

நான் சொன்னேன். சிஸ்டரின் பெயர், ஆஸ்பத்திரி, தவிடு, மாட்டு வண்டி, எல்லாம். நடுவில் அவர் முகம் வெளுத்துக்கொண்டே போனது. சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவரோ, அந்தம்மா உயிரோடவா இருக்காக என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு எழுந்து நிலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். என் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அம்மா செய்த காரியம் அப்போதுதான் வெளியே வந்தது. சிஸ்டர் ஊருக்குக் கிளம்புகிறார், கப்பலில் போகிறார் என்று சேதி வந்ததுமே பிள்ளையைக் கேட்டு வருவார் என்று அம்மா பயந்துபோனாள். விலை கொடுத்து வாங்கிய பிள்ளை. நான் வளர்த்துத் தாரேன் என்று வாய்ச்சொல் கொடுத்துத்தான் தூக்கி வந்திருக்கிறாள். வாங்கியவர் வாசலில் வந்து நின்று என் பிள்ளையைக் கொடு என்றால் இல்லை என்று சொல்லும் முறை கிடையாது.

"வண்டிச் சத்தம் கேட்டதும் என்னயத் துணியில சுத்தி நெல்லுக் குலுக்கைக்குள்ள வச்சிருக்கு எங்கம்மா. நான் உள்ளருந்து அழுதிருக்கேன். அந்தச் சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னுதான் வாசல்ல நின்னு ஒப்பாரி வச்சிருக்கு. உசிரோட இருக்க புள்ளைக்கு ஒப்பாரி வச்ச பாவி நான்னு சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழும்" என்றார்.

அந்த அம்மாள் மகளிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறாள். எப்போதாவது அந்த நர்ஸம்மா வந்தால் கண்ணில் பட்டுவிடாதே. நீ அவிய பிள்ளை, அவிய கேட்டால் நீ போயாக வேண்டும் என்று. அதனால் போனில் முகத்தைக் காட்ட முடியாது என்றார் மூத்தவர். பிழைத்திருப்பதாக நீயே சொல்லிவிடு என்றார். நான் சொல்லலாம்தான். ஆனால் நான் சடங்கு என்று சொன்னதையே நம்பாத சிஸ்டர், நான் ஆறுதலுக்குப் பேசுகிறேன் என்றுதானே நினைப்பார்? கணவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இளையவள் கெஞ்சினாள். மூத்தவர் நிலைக்கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மூன்று நாள் அலைச்சல், தூக்கம், வெயில், போனில் வந்த சேதி எல்லாம் சேர்ந்து வாயைத் திறக்க வைத்தது. முன்பின் தெரியாத வீட்டில், அவர்கள் வாங்கிக் கொடுத்த கலரைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தினேன்.

"அந்தம்மா உங்களைக் கேக்கலைங்க. உங்களப் பொதைச்ச எடத்துல ஒரு பூ வைக்கச் சொல்லித்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

மூத்தவர் என்னையே பார்த்தார். "பூவா?" என்றார். ஆமாம் என்றேன். சிஸ்டருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அப்புறம் உள்ளே போய்த் தலையை வாரி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வந்தார். "கூப்பிடு தாயி" என்றார்.

இங்கே பதினொன்றரை, அங்கே காலைச் சாப்பாட்டு நேரம். போலந்துக்காரப் பெண் எடுத்தாள். ஒரு நிமிஷம் கூரையும் திரைச்சீலையும் ஆடின. பிறகு தலையணையில் சிஸ்டரின் முகம். நான் ஊருக்கு வந்த சில நாட்களுக்குள் அது பாதியாகிவிட்டிருந்தது. நான் ஜெர்மனில் சொன்னேன், குழி இல்லை, அவள் சாகவில்லை, அன்று அழுதது பொய் அழுகை, உங்கள் கெர்லிண்டே இதோ நிற்கிறாள் என்று. அவர் என்னை நம்பாத முகத்தோடு பார்த்தார்.

போனை இளையவளிடம் கொடுத்துத் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். மூத்தவர் உட்காரவில்லை. பெரியவர் முன் நிற்பதுபோல் தலை முதல் கால் வரை தெரியக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். சேலைக் கொசுவம் சற்று உயர்ந்திருந்தது. இரண்டு கணுக்காலும் வீங்கிப் பளபளவென்றிருந்தன.

சிஸ்டர் வெகு நேரம் பார்த்தார். போலந்துக்காரப் பெண் கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டாள். மறுபடி பார்த்தார். உதடு அசைந்தது, கேட்கவில்லை. போனை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னேன். இரண்டாவது தடவை சொன்னது கேட்டது. நலமா என்று அவர் கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வார்டில் நின்று சொல்கிற குரலில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

"கால் இப்படி வீங்கியிருக்கே, யாரு உன்னை நிக்க விட்டதுன்னு கேக்கறாங்க. உடனே உக்காந்து காலைத் தூக்கி மேல வைக்கணுமாம்."

மூத்தவர் திகைத்துப்போனார். பெரியவுக மொகத்துக்கு நேரா காலை நீட்டவா என்று என்னிடம் முணுமுணுத்தார். கணவர் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து எதிரெதிரே போட்டார். ஒன்றில் மூத்தவர் உட்கார்ந்தார். இன்னொன்றில், புருஷன் முன்னால், என் முன்னால், ஜன்னலில் கூடிவிட்ட பாதித் தெருவின் முன்னால், முதலில் ஒரு காலையும் அப்புறம் இன்னொரு காலையும் தூக்கி வைத்தார். சேலையை இழுத்துக் கணுக்காலை மூடிக்கொண்டு, போனைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

"சரிம்மா" என்றார்.

அதை ஜெர்மனில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் சிஸ்டர் அழத் தொடங்கியிருந்தார்.